சேவ் செய்த வெப் பக்கத்தைத் திருத்தலாம்!

இன்டர்நெட்டில் பிடித்த பக்கத்தை சேவ் செய்து வைப்போம். பின்னர் அதில் ஒரு வரியை மாற்றவோ, வேண்டாத விளம்பரத்தை நீக்கவோ தோன்றும். இதற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸில் உள்ள நோட்பேடே போதும்.

குரோமில் கண்ட்ரோல் + எஸ் அழுத்தி, "வெப்பேஜ், கம்ப்ளீட்" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு எச்.டி.எம்.எல். பைலும், அதே பெயரில் "பைல்ஸ்" என முடியும் ஒரு போல்டரும் கிடைக்கும். படங்கள் இந்த போல்டரில்தான் இருக்கும். பெயரை மாற்றினால் பக்கத்தில் படங்கள் தெரியாது. இரண்டையும் முதலில் வேறு இடத்தில் காப்பி செய்துவிடுங்கள். இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யவும். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009ல் மூடப்பட்டபோது எத்தனையோ தனிநபர் பக்கங்கள் காணாமல் போயின. தளம் போய்விட்டால் உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதி.

இனி பைலில் ரைட் க்ளிக் செய்து, "ஓப்பன் வித்" மூலம் நோட்பேடில் திறக்கவும். வரும் குறியீடுகளைப் பார்த்து மிரள வேண்டாம். கண்ட்ரோல் + எப் அழுத்தி, மாற்ற வேண்டிய சொல்லைத் தேடுங்கள். என் அத்தைக்கு ஒரு சமையல் குறிப்பில் "2 டம்ளர் தண்ணீர்" என்பதை 3 ஆக்க வேண்டியிருந்தது (அவர் வீட்டு அரிசி அப்படி!). ஒரே நிமிட வேலை. < > குறிகளுக்குள் இருப்பதைத் தொடாதீர்கள். சேவ் செய்து, பிரவுசரில் எப்5 தட்டினால் மாற்றம் தெரியும்.

தமிழ்ப் பக்கம் என்றால் இன்னொரு கவனம் தேவை. "சேவ் அஸ்" விண்டோவில் என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 இருக்கட்டும். ஆன்ஸியில் சேவ் செய்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். நோட்பேடை மூடிய பிறகு அந்த பைலிலிருந்து அவற்றை மீட்க வழியே இல்லை.

வேர்டில் திறந்து திருத்தலாமே என்பீர்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். சேவ் செய்யும்போது தன் குறியீடுகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்துவிடும். குறியீடே வேண்டாம் என்பவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸைப் பயன்படுத்தலாம். சிக்கலான பக்கங்களில் அமைப்பு சற்றுக் கலையும்.

குரோமில் சேவ் செய்த பைலின் தொடக்கத்தில், பக்கம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். அதை அழிக்க வேண்டாம். திருத்திய பக்கத்தை யாருக்காவது அனுப்பினால், எதை மாற்றினீர்கள் என்று மேலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பார்வைக்கு அசல் போலவே இருப்பதால் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.