தாவரமுங் கணனியும் அறிந்த ஆசிரியரைத் தெரிதல்

அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலைகள் சிலவற்றிலே, கணிப்புமுறைத் தாவரச் சூழலியலுங் கூர்ப்பும் என்னுந் துறைக்கு உதவிப் பேராசிரியர் வேண்டுமென இக்காலத்தில் விளம்பரஞ் செய்கின்றனர். பெயர் நீண்டது, பொருள் எளிது. ஒரு தாவரம் எங்கே, எவற்றோடு கூடி வாழ்கின்றது என ஆராய்வது சூழலியல். அஃது எம்மூதாதையினின்றும் எவ்வாறு பிரிந்து வந்தது என ஆராய்வது கூர்ப்பியல்.

இதற்குக் கணனி எதற்கு என வினவலாம். எமது நாட்டுச் சிங்கராஜ வனத்திலே 1993ஆம் ஆண்டில் 25 ஹெக்டேயர் நிலம் ஆராய்ச்சிக்கென வகுக்கப்பட்டது. ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்று முதலாக அங்குள்ள மரமெல்லாம் அளந்து இலக்கமிடப்பட்டன. அவை ஏறக்குறைய 2 இலட்சம். இனங்களோ 200க்கு மேற்பட்டன. எம்மரத்தின் அயலில் எது தழைத்தது, எது பட்டது எனக் கையாற் கணக்கிட ஓராயுள் போதாது. கூர்ப்பியலிலும் அஃதே. 1993இல் 499 வித்துத் தாவரங்களின் ஒரு பரம்பரையலகை ஒப்பிட்டமை பெருஞ் செயலாக மதிக்கப்பட்டது. 2024இல் 9,500க்கு மேற்பட்ட பூக்குந் தாவரங்களில் 353 பரம்பரையலகுகளை ஒப்பிட்டு வம்சாவளி வரைந்தனர்.

புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றார் தொல்காப்பியர். உரைகாரர் பனையை அதற்கு உதாரணங் காட்டினர். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களாகவே கொள்ளும். தமிழாசிரியனாகிய யான் இதனை வகுப்பிற் சொல்லி மகிழ்வதுண்டு.

இனித் தெரிவு முறை. ஆராய்ச்சிக் கருத்துரை, கற்பித்தற் கருத்துரை, வெளியீடுகளின் விபரம், மூவரளவில் அறிஞர் சான்று என்பன விண்ணப்பத்தோடு வேண்டப்படும். துறையினர் குழுவாயமர்ந்து அவற்றைச் சலித்து, மூவர் நால்வரை மாத்திரம் நேரில் அழைப்பர். வந்தவர் இரண்டு நாள் வரை அங்கே தங்கிப் பலரோடும் உரையாடுவர். முதலிற் பொதுச் சொற்பொழிவு. பின்னர்ப் பல துறைகளில், படத்தின் உதவியின்றி, வெண்கட்டியுங் கரும்பலகையுமே துணையாக நின்று, தாம் இனிச் செய்யக் கருதிய ஆராய்ச்சியை விளக்கல் வேண்டும். குறுக்கு வினாக்கள் மழைபோல் வரும். வெண்கட்டியோடு காலங்கழித்த எமக்கு அந்நிலை நன்கு விளங்கும். அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

தெரியப்பட்டவருக்கு ஆய்வுகூடம் அமைக்கப் பணங் கொடுப்பர். ஆறாண்டளவில் மீண்டும் பரிசோதித்தே நிரந்தர நியமனம் வழங்குவர். அதன்பின் அவர் முப்பதாண்டு அங்கிருத்தலுங் கூடும். ஆதலின் குழுவினர் கணனித் திறமை ஒன்றையே நோக்கின், தாவரங் கண்டறியும் வித்தை அத்துறையில் ஒரு தலைமுறைக்கு அற்றுப்போம். இஃது வீணச்சமன்று. ஆபிரிக்க இஞ்சிக் குடும்பத்து அஃப்ரமோமம் என்னுஞ் சாதியில் ஏறக்குறைய 4,500 உலர்ந்த மாதிரிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரையொன்று, அண்மையில் திருத்தமுறுமுன் அவற்றுட் 58 வீதமேனும் பிழையான பெயர் தாங்கியிருந்தன எனக் காட்டிற்று. பெயர் பிழைத்தபின் கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் என்ன பயன்? கரும்பலகைமுன் நிற்பவரை, "உமது கணக்கிலுள்ள செடிகளுள் எத்தனையை நேரிற் கண்டு பெயர் சொல்வீர்?" என யானாயின் வினவுவேன்.

எம் பிள்ளைகளுக்கு இடர்ப்பாடு மறுபக்கத்தது. உயர்தர வகுப்பில் உயிரியலை எடுப்பவன் இணைந்த கணிதத்தைக் கைவிடுகின்றான். இத்துறையை விரும்பும் மாணவன் புள்ளிவிபரவியலையுங் கணனிமொழி ஒன்றையும் தானாகவே பயிலத் தொடங்கல் வேண்டும்; சர்வகலாசாலை புகும்வரை காத்திருத்தல் ஆகாது.