கரட் இலை போல ஒரு களை

சகோதரிகளே, 1977, 1981 வன்செயல்களின் போது இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்குப் போன உறவுகள் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பக்கத்துக் காணிகளில் தொல்லை தரும் களை பாத்தீனியம். 1987இல் வந்த இந்தியப் படையினரின் ஆடுகளோடு இதன் விதைகளும் வந்ததாகக் கருதப்படுகிறது. 1999இல் வவுனியாவில் இது இனங்காணப்பட்டது. யுத்தம் விட்டுப்போனவற்றில் இதுவும் ஒன்று.

எப்படி அடையாளம் காண்பது?

இளஞ்செடியின் இலைகள் நிலத்தோடு படிந்து வட்டமாக விரிந்திருக்கும். பார்வைக்குக் கரட் இலை போலிருக்கும். ஆனால் கசக்கினால் கரட் மணம் வராது. வளர்ந்த தண்டில் நீளவாக்கில் கோடுகளும் மெல்லிய மயிர்களும் இருக்கும். பூக்கள் சிறியவை, வெள்ளை நிறம். முளைத்து ஒரு மாதமளவில் பூக்கத் தொடங்கும். ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைக் கொட்டும்.

என்ன தீங்கு?

பயிரின் வளர்ச்சியைக் கெடுக்கும். தொடுபவர்களுக்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தால் தும்மலும் இழுப்பும் வரலாம். மாடு தின்றால் பால் கசக்கும். களை பிடுங்குவது பெரும்பாலும் நாமே என்பதால் முதலில் பாதிக்கப்படுவதும் நாமே.

என்ன செய்யலாம்?

பூக்குமுன், மண் ஈரமாக இருக்கையில் வேரோடு பிடுங்குங்கள். கையுறை இல்லாவிட்டால் கையில் பொலித்தீன் பையை மாட்டி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம். பூத்த செடியை எருக்குழியில் போடாதீர்கள்.

வவுனியாவுக்குப் போய்த் திரும்பும்போது அங்கிருந்து எருவோ மண்ணோடு கூடிய கன்றோ கொண்டுவராதீர்கள். லயத்தருகே சந்தேகமான செடியைக் கண்டால் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.