உருகுநிலையைக் கடந்த வெப்பத்தில் சுழலும் தகடுகள்

மின்வெட்டு நேரும்போதுதான் மின்சாரம் எவ்வாறு பிறக்கின்றது என்ற கேள்வி எம்மில் பலருக்கு எழுகின்றது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்தபோது, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். ஒரு லீற்றர் எரிபொருளிலிருந்து எவ்வளவு மின்சாரம் பெறலாம் என்பது அன்று வெறும் பொறியியல் வினாவாக இருக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் துறைகளுள் ஒன்றே வாயுச் சுழலிகளின் காற்றோட்டம், வெப்ப இடமாற்றம் பற்றிய ஆய்வாகும்.

வளியை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, விரிவடையும் வெப்ப வாயுவால் தகடுகளைச் சுழற்றுவதே வாயுச் சுழலியின் தத்துவம். விமானங்களின் ஜெற் இயந்திரமும் இவ்வகையினதே. பொது மின்விநியோகத்துக்கான முதலாவது வாயுச் சுழலி 1939இல் சுவிற்சர்லாந்தின் நியூசத்தெல் நகரில் இயங்கத் தொடங்கியது. அது உற்பத்தி செய்த ஏறத்தாழ 15,400 கிலோவாட் வலுவில் 11,400 கிலோவாட் வளியை அமுக்குவதற்கே செலவாயிற்று. எஞ்சியது 4,000 கிலோவாட் மட்டுமே. வினைத்திறன் 17.4 சதவீதம். 2018இல் ஜப்பானின் நிஷி-நகோயா நிலையம் 63.08 சதவீதத்தை எட்டியது. சுழலியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கொண்டு நீராவிச் சுழலியையும் இயக்கும் கூட்டுச்சுற்று முறை அங்கு கைக்கொள்ளப்பட்டது.

இவ்வளர்ச்சிக்கு முக்கிய காரணம் வெப்பநிலை உயர்வாகும். நியூசத்தெலில் சுமார் 550 பாகை செல்சியஸாக இருந்த வாயுவின் வெப்பநிலை, இன்றைய உயர்தரச் சுழலிகளில் 1,600 பாகையை எட்டியுள்ளது. ஆனால் தகடுகள் செய்யப்படும் நிக்கல் கலப்புலோகமோ 1,350 பாகை அளவிலேயே உருகிவிடும். அவ்வாறெனில் அவை உருகாதிருப்பது எவ்வாறு?

விடை காற்றிலேயே உள்ளது. அமுக்கியிலிருந்து எடுக்கப்படும் ஒப்பீட்டளவில் குளிர்ந்த வளி, தகட்டின் உள்ளேயுள்ள வளைந்த வழிகளினூடாகப் பாய்ந்து வெப்பத்தை அகற்றுகின்றது. பின்னர் நுண்துளைகளால் வெளியேறி, தகட்டின் மேல் மெல்லிய போர்வையாகப் படிகின்றது. துளை வட்டமாக இருப்பின் வளி வேகமாகப் பீறிட்டு மேற்பரப்பை விட்டு விலகிவிடும். வாயில் விரிந்த துளை கூடுதலாகக் குளிர்விக்கும் என்பதை 1974இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். எனினும் குளிர்விக்க எடுக்கும் ஒவ்வொரு பங்கு வளியும் மின்னுற்பத்திக்கு இழப்பே. எனவே, குறைந்த வளியால் கூடிய குளிர்ச்சி என்பதே ஆய்வாளர்களின் இடையறாத தேடலாகும்.

இதற்குத் துணையாக ஒற்றைப் பளிங்குத் தகடுகளும், வெப்பத்தைத் தடுக்கும் சேர்க்கோனியா மட்பூச்சும் வந்தன. வார்ப்பில் அமைக்க முடியாத உள்வழிகளை முப்பரிமாண அச்சிடல் சாத்தியமாக்கியுள்ளது. அவ்வாறு அச்சிடப்பட்ட தகடுகளை சீமென்ஸ் நிறுவனம் 2017இல் நிமிடத்துக்கு 13,000 சுழற்சி வேகத்தில் பரிசோதித்து வெற்றி கண்டது.

ஆயினும் இயற்கையின் சவால் ஓயவில்லை. 1982இல் ஜாவாத் தீவின் மேலாகப் பறந்த பிரித்தானிய விமானம் ஒன்றின் நான்கு இயந்திரங்களும் எரிமலைச் சாம்பலால் நின்றுபோயின. உட்புகுந்த சாம்பல் வெப்பத்தில் உருகி உட்பாகங்களில் ஒட்டிக்கொண்டதே காரணம். விமானம் பின்னர் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. தூசியும் சாம்பலும் நுண்துளைகளை அடைக்கும் விதம் இன்றும் தீவிரமாக ஆராயப்படுகின்றது.

இது எமக்குத் தொலைவான விடயமன்று. களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியவிலும் வாயுச் சுழலிகள் உள்ளன. கனரக எண்ணெயிலுள்ள வனேடியம் தகடுகளை அரிக்கக்கூடியது. ஆதலால் அதனை எரிக்கும் சுழலிகள் வெப்பநிலையைக் குறைத்தே இயங்க நேரிடுகின்றது, வினைத்திறனும் குறைகின்றது. மலிவான எரிபொருள் எப்போதும் மலிவான மின்சாரத்தைத் தருவதில்லை.

மழை பொய்க்கும்போதும், சூரிய மின்சாரம் மாலையில் மறையும்போதும் விரைந்து கைகொடுக்க வல்லவை இச்சுழலிகள். எந்தச் சுழலியை வாங்குவது, எதனை எரிப்பது, எவ்வாறு பராமரிப்பது என்ற தீர்மானங்களின் சுமை இறுதியில் மின்கட்டணமாக மக்களையே வந்தடைகின்றது. அத்தீர்மானங்கள் அறிவின் அடிப்படையில் எடுக்கப்பட வேண்டும். அதற்குரிய அறிவை எமது பொறியியல் பீடங்களில் வளர்ப்பது காலத்தின் தேவை என்பதே எமது கருத்தாகும்.