விண்வெளியில் ஒரு காடு!



இந்த முறை எனக்குப் பிடித்த ஒரு சினிமா பற்றி எழுதுகிறேன். "சுவர் இதழில் சினிமாவா?" என்று முறைக்காதீங்க சார், இதுல தாவரவியல், இயற்பியல் இரண்டுமே இருக்கு!

முதலில், 'கல்ட்' படம் என்றால் என்ன? தியேட்டருக்கு வந்தபோது பெரிசாக ஓடியிருக்காது. ஆனால் ஒரு சின்னக் கூட்டம் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும், அடுத்தவரிடம் சொல்லும். அப்படியே பல வருஷம் உயிரோடு இருக்கிற படம்தான் கல்ட் படம். அறிவியல் புனைகதையில் இப்படி நிறைய உண்டு. என்னோட ஃபேவரிட், 1972-ல் அமெரிக்காவில் வந்த 'சைலண்ட் ரன்னிங்'. இயக்கியவர் டக்ளஸ் ட்ரம்புல். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் விண்வெளிக் காட்சிகளுக்கு வேலை செய்தவர்.

கதை இதுதான்

எதிர்காலத்தில் பூமியில் ஒரு மரம்கூட இல்லை. எங்கே போனாலும் ஒரே வெப்பநிலை. மிச்சமுள்ள காடுகளைக் கண்ணாடிக் கூண்டுகளில் வைத்து, விண்கலங்களில் சனிக் கிரகத்துக்குப் பக்கத்தில் காப்பாற்றுகிறார்கள். ஒருநாள் உத்தரவு வருகிறது: "காடுகளை வெடிவைத்து அழித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்." கூட இருக்கும் மூன்று பேருக்கும் வீட்டுக்குப் போகிற சந்தோஷம். செடி வளர்க்கும் லோவெல்லுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கடைசிக் காட்டைக் காப்பாற்ற அந்த மூன்று பேரையும் கொன்றுவிடுகிறான்.

அப்புறம் அவனுக்குத் துணை மூன்று குட்டி ரோபோக்கள்தான். டொனால்ட் டக்கின் மருமகன்கள் பெயரையே அவற்றுக்கு வைக்கிறான்: ஹூயி, டூயி, லூயி. சீட்டு விளையாடக்கூடக் கற்றுக்கொடுக்கிறான்!

உங்களுக்குத் தெரியுமா?

* ரோபோக்களுக்குள் இருந்தவர்கள் இரண்டு கால்களும் இல்லாத நடிகர்கள். கைகளாலேயே நடந்து நடித்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்' ரோபோ ஆர்2-டி2 வந்தது ஐந்து வருஷம் கழித்து, 1977-ல்தான்.
* விண்கலத்தின் உட்புறம் செட் இல்லை. 'வேலி ஃபோர்ஜ்' என்ற பழைய விமானந்தாங்கிப் போர்க்கப்பலுக்குள் எடுத்தது. படத்தில் விண்கலத்தின் பெயரும் அதுவே.
* 'மூன்' (2009) படத்தை எடுத்த டங்கன் ஜோன்ஸ், தனக்கு இந்தப் படம் தூண்டுதல் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போ அறிவியல்

காட்டில் செடிகள் வாடுகின்றன. ஏன் என்று லோவெல்லுக்கு ரொம்ப நேரம் புரியவில்லை. காரணம் வெளிச்சம்! சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல் சுமார் 9.5 மடங்கு தூரத்தில் சனி இருக்கிறது. தூரம் கூடினால் ஒளி அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 9.5 × 9.5 = சுமார் 90. அதாவது நமக்குக் கிடைப்பதில் 90-ல் ஒரு பங்கு வெயில்தான். ஒளிச்சேர்க்கைக்கு அது எப்படிப் போதும்? கடைசியில் விளக்குகளைப் பொருத்துகிறான்.

"இதுகூடத் தெரியாதா இவனுக்கு?" என்று சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, போன வருஷம் எனக்குக் கொடுத்த புங்கன் கன்றை மாடிப்படிக்குக் கீழே வைத்து, தினமும் தண்ணி ஊற்றியே சாகடித்தவன் நான்தான் என்று.

ஒரு கேள்வி

படம் முடியும்வரை நான் லோவெல் பக்கம்தான். என் அக்கா கேட்டாள்: "காட்டைக் காப்பாத்த மூணு பேரைக் கொல்லலாமாடா?" "அவங்க காட்டையே அழிக்க வந்தாங்களே!" என்றேன். "அப்ப யாருக்காகடா அந்தக் காடு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. லோவெல்லும் அதற்கப்புறம் நிம்மதியாக இல்லை.

கடைசிக் காட்சியில் மனிதர் யாருமே இல்லை. கூண்டுக்குள் காடு மிதந்து போகிறது. டூயி மட்டும் ஓர் ஓட்டைப் பூவாளியால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

அக்கா கேட்ட கேள்விக்கு உங்க பதில் என்ன? ஒரு தாளில் எழுதிக் கொடுங்க. நல்ல பதில்களை அடுத்த இதழில் ஒட்டுவோம். புங்கனுக்குப் பதிலாக ஒரு வேப்பங்கன்று வாங்கியிருக்கிறேன், இந்த முறை வெயிலில்!



— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு