பனிச்சறுக்கை விட்டு ஓடி வந்தார் பால்மர்! மேயர் மசியவில்லை

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சியின் கம்ப்யூட்டர்களில் இருந்த "விண்டோஸ்" பழசாகிவிட்டது. புதுசு வாங்குவதா? யாரும் இனாமாக எடுத்துத் திருத்திக்கொள்ளும் "லினக்ஸ்" போதுமா? இது 2003-ல் எழுந்த கேள்வி.

சேதி கேட்டதும் மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயர் கிறிஸ்டியன் ஊடேயிடம் ஓடி வந்தார். விலையும் குறைந்தது. மேயர் அசையவில்லை!

10 வருஷத்தில் சுமார் 15 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் மாறின. கடிதம் தயாரிக்க நகராட்சி எழுதிய "வோல்மக்ஸ்" புரோகிராமை 2008-ல் எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்தார்கள். எடுத்தவன் திருப்பிக் கொடுக்கணும்; அதுதான் லினக்ஸ்காரர்கள் பழக்கம்.

புது மேயர் வந்தார். ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். 2017-ல் "மறுபடியும் விண்டோஸ்" என்று கவுன்சில் முடிவு செய்தது. மாறுவதற்கு ஒரு செலவு. திரும்புவதற்கு இன்னொரு செலவு!

புரோகிராம் இனாம்தான். ஆள் மாறினாலும் மனசு மாறாமல் இருக்கணுமே!