உடனூழியர் ஒதுங்கிக் கூடுதல்

சேகரத்தின் ஊழியர்கள் ஆண்டுக்கொருமுறை ஓரிடத்தில் ஒதுங்கிக் கூடி, வரும் ஆண்டின் பணியைத் திட்டமிடும் வழக்கம் நம் திருச்சபைகளில் உள்ளது. இதனை 'ரிட்ரீட்' என்கிறோம். தொழிற்கூடங்களும் அலுவலகங்களுங்கூடத் தம் பணியாளரை இவ்வாறு அழைத்துச் செல்கின்றன. திட்டமிடல், புதுச் சிந்தனை, உள்ளப் பிணைப்பு ஆகிய மூன்றும் இதன் நோக்கங்கள் எனப்படுகின்றன. ஆயினும் நம்மிடையே பெரும்பாலும் நிகழ்வது யாது? ஆயர் பேசுகிறார், ஏனையோர் கேட்கின்றனர், நாட்காட்டி நிரப்பப்படுகிறது, பகலுணவுக்குப்பின் கலைகிறோம். இந்நிலை மாற வழி யாதென ஈண்டு ஆராய்வோம்.

மாற்கு 6:30-34 நமக்கு நல்ல தொடக்கமாகும். அனுப்பப்பட்ட சீடர்கள் திரும்பிவந்து, தாங்கள் செய்தவற்றையும் கற்பித்தவற்றையும் ஆண்டவரிடம் அறிவிக்கின்றனர். உண்ணவும் நேரமற்றிருந்த அவர்களை அவர் தனித்த இடத்திற்கு அழைக்கிறார். இங்கு ஒழுங்குமுறை கருதத்தக்கது. முதலில் நடந்ததைச் சொல்லுதல், பின்னர் இளைப்பாறுதல். ஆனால் அவர்கள் கரையேறுமுன்பே மக்கள் திரள் அங்கே காத்திருக்கிறது. ஆண்டவர் அவர்களைத் தள்ளிவிடாமல் இரங்குகிறார். எனவே ஒதுங்குதல் மக்களை விட்டு ஓடுதல் அன்று. அவர்களைப் புதுக்கண்கொண்டு காண்பதற்கான வழியே ஆகும்.

நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று தரங்கம்பாடியாகும். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு வந்திறங்கிய அதே ஊரில், 1919-ஆம் ஆண்டு மே 1, 2 ஆகிய நாட்களில் ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாருமான ஊழியர்கள் கூடினர். பேராயர் வே. ச. அசரியா அவர்களுள் முதன்மையானவர். அவர்கள் ஆராய வந்தது நற்செய்திப் பணியையே. ஆனால் அப்பணியைப் பற்றி மனந்திறந்து பேசியபோது, தங்கள் பிரிவினையே தங்களைப் பலவீனப்படுத்துகிறது என்றும், அப்பிரிவினை வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டது என்றும் கண்டுணர்ந்தனர். 33 பேர் கையொப்பமிட்ட அறிக்கை பிறந்தது. இருவர் தவிர ஏனையோர் இந்தியரே. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்த அசரியா அதனைக் காணவில்லை.

இந்நிகழ்ச்சி இரு பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, புதுச் சிந்தனையை நிகழ்ச்சிநிரலில் ஓர் அங்கமாக வைத்து வரவழைக்க இயலாது. பணியின் தடை எதுவென்று அஞ்சாமல் பேசுமிடத்தில் அது தானே பிறக்கிறது. இரண்டாவது, தீர்மானம் திட்டமாகாது. அதனைச் சுமந்து செல்லும் நீண்ட பொறுமையே திட்டத்திற்கு உயிரளிக்கிறது.

இதனை வடசென்னையின் எம்.கே.பி. நகரில் வைத்துக் காண்போம். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் நிறைந்த இப்பகுதியில் ஊழியக் குழு என்பது ஆயர் மட்டுமன்று. ஞாயிறு பள்ளி ஆசிரியர், பெண்கள் ஐக்கியச் செயலர், பாடகர் குழுவினர், கோயிலைத் துப்புரவு செய்பவர் யாவரும் அதில் அடங்குவர். இவர்களுள் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ முறைவேலை செய்பவருக்கு இரண்டு நாள் விடுப்பென்பது இரண்டு நாள் கூலியை இழப்பதாகலாம். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது நேரம் உண்டு, வருவாய் இல்லை. ஆகவே நாளைக் குறிக்குமுன் அவர்களைக் கேட்டறிதலும், செலவைச் சேகரமே ஏற்றலும் முதற்கடமை. மலைவாசத்தலம் தேவையில்லை, அருகிலுள்ள பள்ளியறையும் போதும். அன்று ஒருவரும் அவரவர் அன்றாட அலுவலுக்கு அழைக்கப்படாதிருத்தலே வேண்டுவது.

முற்பகலில் ஒவ்வொருவரும் கடந்த ஆண்டின் மகிழ்ச்சியையும் தோல்வியையும் கூறட்டும். இளையோர் முதலிலும் ஆயர் இறுதியிலும் பேசுதல் நலம். மூத்தவர் முதலிற் பேசிவிட்டால் ஏனையோர் அதற்கு உடன்பட்டே பேசுவர். பின்னர் ஒரு மணிநேர அமைதி. அதன்பின் ஒன்றாகச் சமைத்து உண்ணுதல். சமையலறையில் ஆயரும் காய் நறுக்கும்போது உண்டாகும் நெருக்கத்தை எவ்விளையாட்டும் தராது. பிற்பகலில் ஒரே வினாவை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து மீனவர் பிழைப்பு முடங்கியது. அடுத்த பெருமழையில் நம் ஆலயக் கதவு யாருக்குத் திறந்திருக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கும்? இவ்வினாவுக்கு அருட்பொழிவைவிடத் துப்புரவுப் பணியாளரின் அனுபவமே தெளிவான விடை தரக்கூடும். இறுதியில் மூன்று தீர்மானங்களுக்கு மேல் எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும் நாளையும் குறித்து, மூன்று திங்கள் கழித்து மீண்டும் கூடி ஆராய்தல் வேண்டும்.

ஒதுங்கிக் கூடியபோது ஒருவர் சொல்லியழுத துயரம், திரும்பியபின் மற்றவரின் வேடிக்கைப் பேச்சாகுமாயின் பிணைப்பு அன்றே அறுபடும். எனவே கேட்டதைக் காத்தலும் ஆயரின் பொறுப்பே. தரங்கம்பாடியில் கூடியோர் தாம் காணாத அறுவடைக்கு விதைத்தனர். நம் சிறு கூடுகைகளும் அவ்வண்ணமே அமைவதாக.