லினக்ஸ் பலகையில் நேரம் தவறாத நிரல்

ஆர்டுயினோவில் ஓடும் சின்ன நிரலை அப்படியே லினக்ஸ் பலகைக்கு மாற்றினால் விளக்கு எரியும். ஆனால் நேரம் பிசகும். ஏன்?

ஆர்டுயினோ போன்ற மைக்ரோகண்ட்ரோலரில் பெரும்பாலும் அந்த ஒரு நிரல்தான் ஓடும். லினக்ஸிலோ இணையத் தொடர்பு, கோப்பு, திரை எனப் பல வேலைகளுக்கு அதன் மையப் பகுதியான கெர்னல் நேரத்தைப் பங்கிடுகிறது. நம் நிரலின் முறை வரச் சில மைக்ரோவினாடியும் ஆகலாம், சில மில்லிவினாடியும் ஆகலாம். பொத்தான் அழுத்தப்பட்டதா என்று பார்க்க இந்தத் தாமதம் பாதகமில்லை. டபிள்யூஎஸ்2812 வண்ண எல்இடிக்கு அது ஒத்துவராது: அங்கே ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 1.25 மைக்ரோவினாடி. துடிப்பின் நீளத்தை வைத்தே எல்இடி 0, 1 என்று பிரித்தறிகிறது.

2013இல் வந்த பீகிள்போன் பிளாக் பலகையில் இதற்கு அழகான விடை இருக்கிறது. லினக்ஸ் ஓடும் 1 கிகாஹெர்ட்ஸ் செயலி இருக்கும் அதே சில்லுக்குள், பிஆர்யூ எனும் இரண்டு குட்டிச் செயலிகளும் உண்டு. வேகம் 200 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் இயங்குதளம் குறுக்கே வராது. பின்னை ஏற்றி இறக்கும் கட்டளை ஒவ்வொன்றும் சரியாக 5 நானோவினாடியில் முடிந்துவிடும். லினக்ஸ், பிஆர்யூவுக்கான நிரலை அதில் ஏற்றி, பொது நினைவகம் வழியே தரவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

மென்பொருள் வழியும் வளர்ந்திருக்கிறது. நிகழ்நேரப் பணிக்கான பிரீம்ப்ட்-ஆர்டி எனும் வசதி, 2024இல் லினக்ஸ் 6.12 கெர்னலிலேயே சேர்ந்தது. மில்லிவினாடிக் கணக்கில் நடக்கும் கட்டுப்பாட்டு வேலைகளுக்கு அது போதும். நானோவினாடிக் கணக்கென்றால் தனிச் செயலி உள்ள பலகையையே வாங்குங்கள்.